சாமியின் சார்பில் நான் கட்டிய பூ

நாற்பத்தொன்பது வயது வரை என்னிடம் வீட்டுச் சாவி இருந்ததில்லை. வில்லியனூருக்குக் கொஞ்சம் தள்ளி, ஏரிக்கரைக்குப் போகிற வழியில் இருக்கிறது எங்கள் வீடு. அதில் எப்போதும் யாராவது இருப்பார்கள். முதலில் அம்மா இருந்தாள். அம்மா போவதற்கு இரண்டு வருடம் முன்பு, அக்கா கணவரான மாமா இறந்து, அக்கா நெட்டப்பாக்கத்திலிருந்து திரும்பி வந்துவிட்டாள். நான் வேலை முடிந்து வந்து கேட்டின் கொக்கியைத் தட்டினால், உள்ளேயிருந்து, "தொறந்துதான்டா இருக்குது, இன்னாத்துக்குத் தட்டற?" என்று குரல் வரும். தினமும் திறந்திருக்கிற கேட்டைத் தினமும் தட்டினேன். ஏன் என்று யோசித்ததில்லை.

கிளை நூலகம் ஒன்றில் எனக்கு வேலை. காலையில் நான்கு பேர் பேப்பர் படிக்க வருவார்கள். அவர்களில் ஒருவர் ராசிபலன் மட்டும் படிப்பார். மத்தியானம் மின்விசிறிக்காக இரண்டு பேர். மற்ற நேரமெல்லாம் புத்தகங்களும் நானும்தான். கடவுள் இல்லை என்று சொல்லும் புத்தகங்களைப் படித்தேன். இருக்கிறார் என்று சொல்லும் புத்தகங்களையும் படித்தேன். அவை நல்ல தாளில் அச்சாகியிருந்தன. இருபது வருடம் படித்து நான் வந்து சேர்ந்த இடம் இதுதான்: நல்லது கெட்டது தெரிந்துகொள்ள மனிதனுக்குச் சாமியின் உத்தரவு தேவையில்லை, அவனுக்கே தெரியும். இதை ஒரு வார இதழின் நகைச்சுவைப் பகுதியில் பல விதமாக எழுதியிருக்கிறேன். படித்தவர்கள் சிரித்ததாகத் தகவல் இல்லை.

கல்யாணம் ஆகவில்லை. அதற்குக் காரணம் என் கொள்கை இல்லை, அம்மனின் கொள்கை. எங்கள் வீட்டில் எந்தப் பெரிய காரியத்துக்கும் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் ஒரே அளவு வாழையிலை நறுக்கில் சுருட்டி, ஒரே மாதிரி நாரால் கட்டி, ஏரிக்கரை அம்மன் காலடியில் வைப்பார்கள். பூசாரி அதை உருட்டிக் கலைத்து விடுவார். கேட்க வந்தவர் ஒன்றை எடுத்துப் பிரிக்க வேண்டும். வெள்ளை என்றால் செய். சிவப்பு என்றால் செய்யாதே. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அப்படியே கொண்டுபோய் ஏரியில் விட்டுவிட வேண்டும். பிரித்தால் சாமியைச் சந்தேகப்பட்டதாக ஆகும்.

எனக்கு மூன்று இடத்தில் பெண் பார்த்தார்கள். மூன்று முறையும் அம்மா பூக்கட்டி வைத்தாள். மூன்று முறையும் சிவப்பு. "ஆத்தா உத்தரவு இல்லடா" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாலாவது இடம் பார்க்க யாருக்கும் தெம்பில்லை. நாணயத்தைச் சுண்டி மூன்று முறையும் பூவே விழுவதற்கு எட்டில் ஒரு வாய்ப்புதான் என்று நண்பர்களிடம் கணக்குச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அவர்கள் எல்லோரும் கல்யாணம் ஆனவர்கள்.

அக்காவைக் கேட்டு வந்தவர் பாகூர்க்காரர். திருவாண்டார்கோயில் பக்கத்து மில் ஒன்றில் மாமாவோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு பாகூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். மாமாவின் திதி நாளில் வருடா வருடம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, ஐந்து நிமிடம் உட்கார்ந்து, எங்கள் போர் மோட்டாரை ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டுப் போவார். அவர் மனைவி இறந்து மூன்று வருடம். இந்த முறை வந்தவர் மோட்டாரைத் தட்டவில்லை. என்னைத் தனியாக மாமரத்தடிக்குக் கூப்பிட்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க அக்காவ எனக்குக் குடுப்பீங்களா? ரெண்டு பேருக்கும் வயசாயிடுச்சு. ஆனா தனியா சாப்புட முடியலங்க."

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் தோளைத் தட்டினேன். "இதுல என்னை எதுக்குங்க கேக்கறீங்க? அது அவங்க முடிவு. இந்தக் காலத்துல இதெல்லாம் ஒரு விஷயமா?" என்றேன். அந்த வருட மகளிர் தினத்துக்கு நூலகத்தில் விதவை மறுமணம் பற்றி முக்கால் மணி நேரம் பேசியிருந்தேன். கேட்டவர்கள் ஆறு பேர். அதில் அக்கா ஒருத்தி. பேசியதைக் கேட்டுவிட்டாளே என்று முதல் தடவையாகக் கவலைப்பட்டது அந்த மாமரத்தடியில்தான்.

ஓசூரில் இருக்கிற அக்கா மகள் போனில், "பண்ணிக்கோம்மா, நான் வந்து பொடவ எடுத்துத் தர்றேன்" என்று சொல்லிவிட்டாள். அக்காவுக்கும் மனசு இருந்தது. அந்த வாரம் இரண்டு முறை, தேங்காய் துருவிய கையோடு அவள் கண்ணாடி பார்த்ததை நான் கவனித்தேன். ஆனால் வாயைத் திறந்தால் ஒரே பேச்சு. "ஆத்தாவக் கேக்கணும்."

நான் விடுவேனா? நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தவள் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"அக்கா, ஒரு கேள்வி. ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல பழைய கேள்வி. சாமி சொல்றதால ஒண்ணு சரியாகுதா? இல்ல, அது சரிங்கறதால சாமி சொல்லுதா?"

"ரெண்டாயிரம் வருசமா யாருக்கும் வேற வேல இல்லியா?"

"பதில் சொல்லு."

"சாமி சொன்னா சரி. அவ்ளோதான்."

"அப்ப, சாமி தப்பா ஒண்ணு சொன்னா? பக்கத்து வூட்டுக்காரன வெட்டுன்னு சொன்னா?"

அவள் ஒரு நெத்திலியின் தலையைக் கிள்ளித் தூர எறிந்தாள். பூனை தயாராக இருந்தது.

"சாமி அப்பிடி சொல்லாது."

"சொன்னா?"

"சொன்னா அது சாமி இல்ல. வேற எவனோ. தள்ளி உக்காருடா, மீன் தண்ணி தெறிக்குது."

அன்றைய வாதத்தில் நான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டேன். சாமி எது, வேற எவனோ எது என்று பிரித்துச் சொல்ல இவளுக்குச் சாமிக்கு முன்னாலேயே சரி தப்பு தெரிந்திருக்க வேண்டுமே! நல்ல பாயிண்ட். அடுத்த வாரப் பகுதிக்குக் குறித்து வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் வந்து நின்றாள். "நாளைக்குப் பூ நீ கட்டிக் குடு."

"நானா? நான் சாமியே கும்பிடாதவன்."

"அதுக்குத்தான் சொல்றன். பக்கத்து வூட்டுக்காரி கட்டுனா, அவளுக்கு நான் போவணும்னு இருக்கும். பூசாரி கட்டுனா, போவக் கூடாதுன்னு இருக்கும். நீ ரெண்டுலயும் இல்லாதவன். நீ கட்டுனா நாயமா இருக்கும்."

இப்படித்தான் ஏரிக்கரை அம்மனின் உத்தரவுக்கு எங்கள் பக்கத்திலேயே பெரிய நாத்திகன் நடுவரானான். அக்காவின் கணக்கில் ஒரே ஒரு பிழைதான். சாமியில்லாதவனுக்கு ஆசையும் இருக்காது என்று நினைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு மோட்டார் கொட்டகைப் பக்கம் போனேன். நந்தியாவட்டையும் செவ்வரளியும் அங்கே பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கின்றன. இரண்டிலும் பறித்தேன். சமையலறை மேடையில் வாழையிலையை நறுக்கி, ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு, ஒழுங்காகக் கட்டினேன். இதைச் சொல்லிவிட வேண்டும்: முதலில் ஒழுங்காகத்தான் கட்டினேன். அக்கா குளித்துக்கொண்டிருந்தாள். குளிக்கும்போது பாடுவாள், வார்த்தை எதுவும் இருக்காது, ராகமும் சுமார்தான். அன்றைக்கு அந்தச் சத்தம் கொஞ்சம் உயரமாக இருந்தது.

ஒரு வீட்டில் இன்னொருவர் குளிக்கிற சத்தம் எவ்வளவு பெரிய விஷயம் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. அது நாளையிலிருந்து பாகூரில் கேட்கும். இங்கே குழாய் சொட்டுவது கேட்கும்.

வெள்ளைப் பொட்டலத்தின் நாரை அவிழ்த்தேன். நந்தியாவட்டையை எடுத்து ஜன்னல் வழியாக வெளியே போட்டேன். மீதியிருந்த செவ்வரளியை வைத்துக் கட்டினேன். என்னைப் பார்க்க ஒருவரும் இல்லை. மேலேயிருந்து ஒருவர் பார்க்கிறார் என்று நான் நம்பவுமில்லை. சரிக்கும் எனக்கும் நடுவில் யாருமே குறுக்கே நிற்கவில்லை. நான் இருபது வருடமாக எழுதி வந்தது இந்த நிலைமையைத்தான். மனிதனுக்கே தெரியும் என்றேன் அல்லவா, தெரிந்தது. இது தப்பு என்று தெளிவாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது. தெரிந்துகொண்டே முடிச்சை இறுக்கினேன்.

பாகூர்க்காரருக்கு ரத்தக்கொதிப்பு, கடை இருக்கும் தெரு இரைச்சல், ஊர் என்ன பேசும் என்றெல்லாம் காரணங்கள் கோயிலுக்கு நடக்கிற வழியில்தான் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கட்டும்போது ஒன்றும் இல்லை.

பூசாரி பொட்டலங்களை உருட்டிவிட்டார். அக்கா கண்ணை மூடி நெடுநேரம் நின்றாள். பிறகு குனிந்து, ஒன்றின் மேல் கை வைத்து, அதை விட்டு, இன்னொன்றை எடுத்தாள். எதை எடுத்தாலும் ஒன்றுதானே அக்கா!

பிரித்தாள். சிவப்பு.

"சரி" என்றாள். மற்ற பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் ஏரிப் பக்கம் போனாள். நான் செருப்பு விட்ட இடத்திலேயே நின்றேன். வெகுநேரம் கழித்து, புடவைக் கரை நனைந்து வந்தாள். "போலாமா?" என்று கேட்டாள். நடக்கும்போது நான் நூலகத்துக்கு வந்த ஒரு புதுப் புத்தகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தேன். அவள் "ம்" போட்டாள்.

பாகூருக்கு அவள் போன் எதுவும் செய்ததாகத் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து நாலு நாளும் எனக்குப் பிடித்ததாகவே சமைத்தாள். வெள்ளிக்கிழமை வத்தக்குழம்பு, சனிக்கிழமை கருவாடு, ஞாயிற்றுக்கிழமை கறி, திங்கட்கிழமை மறுபடி வத்தக்குழம்பு. நான் கேட்டது கிடைத்துவிட்டது. அக்கா வீட்டில் இருந்தாள். ஆனால் நான் கொக்கியைத் தட்டியபோது உள்ளேயிருந்து குரல் வரவில்லை. கரண்டிச் சத்தம் மட்டும் வந்தது. மறுநாள் இரண்டு தடவை தட்டினேன். கரண்டிச் சத்தம். குளிக்கும்போதும் தண்ணீர்ச் சத்தம்தான். ஒருத்தி வீட்டில் இருக்கும்போதே வீடு இவ்வளவு காலியாக இருக்க முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. மத்தியானம் அவள் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியதை மூன்று விதமாக மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன். மூன்றிலும் நகைச்சுவை இருந்தது.

"அக்கா, அந்தப் பூ..."

"ரெண்டும் செவப்பு. தெரியும்."

முறம் நிற்கவில்லை.

"எப்படி?"

"ஏரியில போடறதுக்கு மின்ன பிரிச்சிப் பாத்தன்."

"பிரிக்கக் கூடாதே!" என்றேன். நான்தான் சொன்னேன், நாத்திகன். அதிர்ச்சியோடு வேறு.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "வாய்யா பூசாரி" என்றாள்.

குனிந்து உளுந்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். பிறகு அவளாகவே பேசினாள். "செவப்பப் பாத்தவுடனே மொதல்ல நம்பிட்டன். ஏரிப்பக்கம் நடந்து போறப்பதான் தோணுச்சு. மனுசன் மரியாதையா வந்து கேட்டான். பொண்ணு சரின்னுட்டா. யாரு குடியும் கெடல. இதுல வேணாம்னு சொல்ல ஆத்தாளுக்கு இன்னா வந்துச்சு? அவ அப்பிடி சொல்றவ இல்லியேன்னு தோணுச்சு. அதான் பிரிச்சன்."

"அப்ப, ஆத்தா என்ன சொல்லுவான்னு உனக்கு முன்னாடியே..."

"பொஸ்தகத்த மூடு."

மூடினேன்.

"அது மட்டும் இல்லடா." முறத்தைக் கீழே வைத்தாள். "அம்மா கட்டுனத நான் பாத்துருக்கறன்."

"எதை?"

"உனக்குக் கட்டுனத. மூணாவது தபா. நான் வூட்டுக்கு வந்துருந்தன். கொல்லப் பக்கம் உக்காந்து, ரெண்டு எலையிலயும் செவ்வரளியத்தான் வச்சிச்சு. நான் நின்னுக்கிட்டு இருந்தது தெரியல அதுக்கு. நேத்தா மொதநாளா, இருபது வருசம் ஆவுது. மத்த ரெண்டு தபா எப்பிடின்னு எனக்குத் தெரியாது."

எட்டில் ஒரு வாய்ப்பு என்று நான் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்த கணக்கு அப்படியே என் மடியில் வந்து விழுந்தது. அம்மாவைக் கோபித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். அவளுக்கும் கணவன் இல்லை, மகள் கட்டிக்கொடுத்துப் போய்விட்டாள், மிச்சம் நான் ஒருத்தன். எந்த இடத்தில் கோபத்தை ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நாலு நாளைக்கு முன்பு அதே நாரில் அதே முடிச்சைப் போட்டவன் நான்.

மூன்றாவது இடத்துப் பெண்ணின் முகம் நினைவில்லை. அவள் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி நினைவிருந்தது. "இவ்ளோ படிச்சி இன்னா பண்ணுவீங்க?"

"நீ ஏன் அப்ப சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லல." அவள் உளுந்தை விரலால் ஒதுக்கினாள். "சாமி முன்னாடி வச்சி எடுத்தது. தப்புன்னா ஆத்தா உட்டுருப்பாளான்னு நெனச்சன். அப்பிடி நெனச்சிக்கிட்டா தூக்கம் வந்துச்சு."

"இப்ப?"

"இப்ப வரல. அதான் நாலு நாளா உன்கூடப் பேசல. உன் மேல கோவம்னு நெனச்சிட்டியா? உன்ன இன்னா சொல்லித் திட்டறதுன்னு தெரியல. நான் பாத்துக்கிட்டு சும்மா இருந்தவ."

அவள் அழவில்லை. நானும் அழவில்லை. எங்கள் குடும்பத்தில் அம்மா மட்டும்தான் அழுவாள், அதுவும் பூக்கட்டிய நாட்களில்.

"போவாத அக்கான்னு வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா இருந்துருப்பன்டா" என்றாள். "அதுக்குப் போயி ஆத்தா வாயில உன் வார்த்தைய வச்ச பாரு."

"இப்ப சொன்னா?"

"சொல்லு பாக்கலாம்."

நிஜமாகத்தான் சொன்னாள். முறத்தை ஒதுக்கிவிட்டு, கையைத் துடைத்து, என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை போதும். சொன்னால் இருப்பாள். அம்மா சாகும் வரை நான் இருந்தது போல. அவள் தலையில் எப்போது இவ்வளவு நரை வந்தது என்று அப்போதுதான் பார்த்தேன்.

"பாகூருக்கு இங்கேருந்து நேர் பஸ் கிடையாது" என்றேன். "மாறணும்."

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள்.

"தெரியும். மாறிக்கறன்."

கல்யாணம் அதே கோயிலில்தான். மகள் ஓசூரிலிருந்து புடவையோடு வந்தாள். மாலையைக் கையில் எடுத்த பூசாரிக்குத் திடீரென்று நினைவு வந்துவிட்டது. "ஏம்மா, அன்னிக்குச் செவப்பு வந்துச்சே?" என்றார். அக்கா அவரைப் பார்த்து நிதானமாக, "கட்டுனவரு தப்பா கட்டிட்டாருங்க" என்றாள். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பூசாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். இப்போதும் ஏரிக்கரையில் என்னைப் பார்த்தால், பக்கத்தில் இருப்பவரிடம், "படிச்சவருதான், ஒரு பூ கட்டத் தெரியல" என்று காட்டுகிறார். நான் மறுப்பதில்லை.

போகும்போது அக்கா சாவியை ஒரு பச்சைக் கயிற்றில் கட்டி என் சட்டைப் பையில் போட்டாள். பழகிவிட்டது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் முதலில் கொக்கியைத் தட்டிவிட்டு, அப்புறம்தான் பூட்டைத் திறக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாள், "யாரு சார் இருக்காங்க உள்ள?" என்று கேட்டாள். எலி இருந்தால் ஓடட்டும் என்று சொல்லிச் சமாளித்தேன்.

தினமும் மத்தியானம் ஒன்றரை மணிக்கு அக்கா கூப்பிடுவாள். பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கும், அவர் "சாரக் கேட்டதா சொல்லு" என்பது கேட்கும். போன விடுமுறை நாளிலும் கூப்பிட்டாள். நான் படுத்திருந்தேன். அடுப்புப் பற்ற வைக்கவில்லை. ஒருத்தனுக்கு எதற்கு என்று இருந்தது.

"சாப்டியா?"

"ஆச்சு."

"இன்னா பண்ண?"

"ரசம். அப்பளம்."

"பொய் சொல்லலியே?"

"இல்லக்கா."

"சரி, வெச்சிட்றன். மத்தியானத்துல தூங்காத, தல வலிக்கும்."

போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் பாகூரில் இருந்து வந்து பானையைத் திறந்து பார்க்கப் போவதில்லை. மேலேயிருந்தும் யாரும் பார்க்கப் போவதில்லை. அந்த விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

எழுந்து போய்ப் புளி ஊற வைத்தேன். சோறு வடித்து, ரசம் கொதித்து இறக்கும்போது மணி இரண்டே முக்கால். அப்பளம் மூன்று பொரித்தேன். ஒன்று கருகிவிட்டது. அதையும் சேர்த்துச் சாப்பிட்டேன்.